ஏக்கத்தை விற்ற அலைவரிசை

புலம்பெயர்ந்து செல்கிறவன் தன் ஊரிலிருந்து எடுத்துச் செல்ல இயலாத ஒன்று உண்டு. மொழியை நாவில் சுமந்து செல்லலாம். உணவின் சுவையை நினைவில் சுமந்து செல்லலாம். ஆனால் ஊரின் 'இந்த நேரத்தை' எவரும் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்ல முடியாது. "இப்பொழுது அங்கே என்ன நடக்கிறது?" என்ற வினாவுக்குக் கடிதமும் ஒளிநாடாவும் விடை தரவில்லை, அவை வந்து சேருவதற்குள் நிகழ்காலம் இறந்தகாலமாகிவிடும். இந்த ஏக்கத்துக்கு இணையத்தின் வழியே விடை தர முற்பட்ட ஒரு நிறுவனத்தை வாசகரோடு சேர்ந்து எடைபோட்டுப் பார்க்க விழைகிறேன். கனடாவில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய 'ஜம்ப் டிவி' அது. பல நாட்டுத் தொலைக்காட்சிகளை நேரடியாக, சந்தாவுக்கு, கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. இன்று அந்த நிறுவனம் இல்லை; அது எழுப்பிய வினாக்கள் இருக்கின்றன.

அதற்கு முன்னோடி ஒன்று அதே நாட்டில் இருந்தது. 1999 நவம்பர் 30 அன்று தொடங்கிய 'ஐகிரேவ் டிவி', பதினேழு அலைவரிசைகளை வானலையில் பிடித்து அப்படியே இணையத்தில் விட்டது. அதன் பெயருக்கே 'நான் ஏங்குகிறேன்' என்பது பொருள். உரிமையாளரின் இசைவை அது கேட்கவில்லை. குறித்த தொகையைச் செலுத்திக் கேபிள் நிறுவனங்கள் மறு ஒளிபரப்புச் செய்யக் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் இடம் தந்திருந்தது; அந்தச் சலுகை தனக்கும் உண்டு என்று வாதிட்டது. பார்ப்பவர் கனடாவில் இருக்கிறாரா என்று அறிய, உள்ளூர்த் தொலைபேசிக் குறியீட்டைக் கேட்டது. அக்குறியீட்டை உலகின் எம்மூலையில் இருப்பவரும் தட்டலாம் அல்லவா? அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களும் விளையாட்டுக் கழகங்களும் பிட்ஸ்பர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2000 ஜனவரி இறுதியில் தடை வந்தது. அடுத்த மாதமே ஐகிரேவ் டிவி மூடப்பட்டது. 2002இல் கனடாவும் தன் சட்டத்தைத் திருத்தி, மறு ஒளிபரப்புச் சலுகை இணையவழி நிறுவனங்களுக்கு இல்லை என்று வரையறுத்தது.

ஜம்ப் டிவியும் தொடக்கத்தில் அதே பாதையில் நடக்கவே எண்ணியது. பின்னர் அதனைக் கைவிட்டு, அயல்நாட்டு ஒளிபரப்பாளர்களிடமே சென்று உரிமம் பெறும் வழியைத் தேர்ந்தது. இது வணிகத் தந்திரம் மட்டுமன்று. கேட்காமல் எடுப்பதிலிருந்து கேட்டுப் பெறுவதற்கு மாறியது அது. பெரிய நாட்டின் கவர்ச்சியான அலைவரிசைகளை விட்டு, சிறிய நாடுகளின் எளிய அலைவரிசைகளை அது தேடிச் சென்றதும் இந்த மாற்றத்தின் விளைவே. தம் நிகழ்ச்சியை வேற்று நாட்டில் விற்க முடியும் என்று எண்ணியிராத நிலையங்களுக்குப் புதிய பார்வையாளர் கிடைத்தனர். அதனைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

இணைய ஒளிபரப்பு இன்னொரு கதவையும் திறந்தது. 2004இல் கனடாவின் ஒளிபரப்பு ஆணையம் அரபு மொழி அல் ஜசீராவுக்கு இசைவு தந்தது. ஆனால் அதன் நிகழ்ச்சிகளைக் கேபிள் நிறுவனங்களே கண்காணித்து, பதிவு செய்து வைத்து, இழிமொழி வருமாயின் வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தது. அச்சுமையைத் தோளில் ஏற்க நிறுவனங்கள் முன்வரவில்லை. இசைவு இருந்தது, ஒளிபரப்பு இல்லை. இணையத்தையோ 1999ஆம் ஆண்டிலேயே அதே ஆணையம் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருந்தது. கேபிளில் வர இயலாத குரல் இணையத்தில் வந்தது. கட்டுப்பாடின்மை சில வேளைகளில் நீதிக்கும் வழிவிடுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆயினும் 'நேரடி' என்ற சொல்லை நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். டாக்காவில் இரவு எட்டு மணிச் செய்தி வாசிக்கப்படும்போது டொராண்டோவில் குளிர்காலக் காலை ஒன்பது மணி. அச்செய்தியைக் காண்கிறவர் பணிக்குச் சென்றிருக்க வேண்டிய நேரம் அது. காண வேண்டுமாயின் தன் ஒரு நாளின் ஒழுங்கைத் தாயகத்தின் கடிகாரத்துக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும். அருகே வாழும் அயலானின் காலையில் வாழ்வதா, தொலைவில் உள்ள தாயின் இரவில் வாழ்வதா? இரண்டிலும் கால்வைத்து எதிலும் நிலைகொள்ளாமல் போகும் அபாயம் இங்கே இருக்கிறது. ஏக்கத்தைத் தீர்ப்பதாகச் சொல்லும் கருவி அதனை நாள்தோறும் புதுப்பித்து விடுவதும் உண்டு.

வடிவத்திலும் ஓர் இழப்பு நேர்ந்தது. தொலைக்காட்சி கூடத்தில் இருந்தது. பாட்டியும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து பார்த்தனர். அன்றைய கணினியோ மூலையில் ஒரு மேசையில் இருந்தது; அதன் முன் ஒரே ஒரு நாற்காலி. குடும்பத்தின் நினைவாக இருக்க வேண்டியது, தலையணிக் கருவியை மாட்டிய ஒருவனின் தனிமையாகச் சுருங்கிற்று.

இறுதியாகக் கணக்கு. வானலையில் ஒரு கோபுரம் எழுப்பிவிட்டால், ஆயிரம் பேர் பார்த்தாலும் பத்து இலட்சம் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றே. இணையத்தில் அப்படியன்று, ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனி ஓடை செல்ல வேண்டும், ஆள் கூடக்கூடச் செலவும் கூடும். சிதறி வாழும் சிறு மொழியினரைத் தேடிச் சேர்ப்பதற்கு விளம்பரச் செலவு வேறு. 2006இல் பங்குச் சந்தைக்கு வந்த ஜம்ப் டிவி, 2008 அக்டோபரில் 'நியூலயன்' நிறுவனத்தோடு இணைந்தது. மறு ஆண்டே தன் பெயரையும் இழந்தது. புதிய நிறுவனத்தின் கண் பெரிய விளையாட்டுக் கழகங்களின் மேல் பதிந்தது. 2018இல் அதனையும் 'எண்டெவர்' என்ற பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது. சிறு நாடுகளின் செய்தியில் தொடங்கிய பயணம் விளையாட்டரங்கில் முடிந்தது. இதில் வியப்பில்லை. ஏக்கம் ஆழமானது, ஆனால் சிதறிக் கிடப்பது. சந்தைக்கு ஆழம் தெரியாது, எண்ணிக்கை தெரியும்.

இன்று பல நிலையங்கள் இடைத்தரகர் இன்றித் தாமே யூடியூபில் நேரலை தருகின்றன. பல இடங்களில் கட்டணமும் இல்லை. ஜம்ப் டிவி கண்ட கனவு, அதன் கையில் அன்றி வேறு கைகளில் நிறைவேறியது எனலாம். அதனைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிட நான் ஒப்பேன். கேட்டுப் பெறலாம், கொடுத்துக் காணலாம், சிறிய மொழிக்கும் உலகில் ஒரு சாளரம் உண்டு என்பதை அது மெய்ப்பித்துக் காட்டியது. அது காட்டத் தவறியது ஒன்றே. சாளரம் வழியே ஊரைக் காணலாம். ஊரில் இருக்க முடியாது. அந்த எல்லையை அறிந்தவனுக்கு அச்சாளரம் ஆறுதல். அறியாதவனுக்கு அதுவே சிறை.