தீயவனின் தரப்பு: ஒத்தெல்லோவும் அதன் மறுகூறல்களும்

பழைய கதையொன்றை எடுத்து, அதில் பழிக்கப்பட்டவனின் வாயால் அதை மீண்டும் சொல்லும் வழக்கம் இன்றைய உலக இலக்கியத்தில் தனியொரு வகையாகவே நிலைபெற்றுவிட்டது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்கள் இதற்கு வளமான விளைநிலமாக அமைந்துள்ளன. உடன்பிறந்தவனைக் கொன்று அரியணை ஏறிய கிளாடியஸை நடுவில் வைத்து அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக் 2000-இல் 'கெர்ட்ரூடும் கிளாடியஸும்' என்ற நாவலை வெளியிட்டார். ஒத்தெல்லோவை வஞ்சித்து அழித்த இயாகோ தன் கதையைத் தானே சொல்லும் விதமாக நிக்கோல் காலண்ட் எழுதிய 'நான், இயாகோ' 2012-இல் வந்தது.

இம்முயற்சிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நியாயம் நாம் அறிந்ததே. கதைகளை வென்றவர்கள் எழுதுகிறார்கள். எனவே வாயடைக்கப்பட்டவர்களுக்குக் குரல் தருவது நீதியாகும் என்பதே அது. முஸ்லிம் வாசகர்களாகிய நமக்கு இந்த நியாயம் எளிதில் உவப்பாகிவிடுகிறது. பிறர் எழுதிய எத்தனையோ கதைகளில் வில்லன் வேடம் நமக்கென ஒதுக்கப்படுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே 'வில்லனின் தரப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் அது நமது தரப்பே என்று எண்ண மனம் விரைகிறது. அந்த விரைவைச் சற்று நிறுத்தி, எந்த வில்லன், எந்தத் தரப்பு என்று வினவுவது அவசியமாகிறது. அவ்வினாவை எழுப்புவதற்கு ஒத்தெல்லோவைவிடப் பொருத்தமான நாடகம் வேறில்லை. ஏனெனில் அங்கே 'மூர்' என்று அழைக்கப்படுபவன் வஞ்சிக்கப்பட்டவன். வஞ்சித்தவன் வெனிஸ் நகரத்து வெள்ளையன்.

1600-ஆம் ஆண்டில் மொராக்கோ சுல்தான் அஹ்மத் அல்மன்சூரின் தூதராக அப்துல் வாஹித் பின் மஸ்ஊத் இலண்டனுக்கு வந்து பல மாதங்கள் தங்கினார். அவருடைய உருவப்படம் இன்றும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்து, 1604 நவம்பர் முதல் நாளன்று ஒத்தெல்லோ ஆங்கில அரசவையில் நடிக்கப்பட்டது. தூதரே அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி என்று உறுதிபடக் கூற இயலாது. ஆயினும் இலண்டன் மக்கள் மூர் ஒருவரை அரசகௌரவத்தோடு தம் தெருக்களில் கண்டிருந்தார்கள் என்பது நாடகத்தைப் படிக்கையில் நினைவில் இருக்கத்தக்கது. ஒத்தெல்லோவும் கௌரவத்துக்குரியவன், துருக்கியரிடமிருந்து சைப்ரஸ் தீவைக் காக்க வெனிஸ் நம்பியிருக்கும் படைத்தளபதி, ஞானஸ்நானம் பெற்றவன். அவ்வாறிருந்தும் நாடகத்தின் முதற்காட்சியில் அவன் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படுவதில்லை. நள்ளிரவில் டெஸ்டிமோனாவின் தந்தையை எழுப்பி, அவர் மகளை மணந்துகொண்டவனை விலங்குகளோடு ஒப்பிட்டுக் கூவுகிறான் இயாகோ. நாம் ஒத்தெல்லோவைக் காணும் முன்னரே இயாகோவின் வாய்வழியாக அவனைக் கேட்டுவிடுகிறோம்.

இங்கேதான் மறுகூறலின் முதல் சிக்கல் எழுகிறது. இயாகோ வாயடைக்கப்பட்டவன் அல்லன். நாடகத்தில் மிகுதியான வரிகளைப் பேசுபவன் அவனே. தலைப்புக்குரிய ஒத்தெல்லோ அவனைவிடக் குறைவாகவே பேசுகிறான். தனிமொழிகளில் அவன் தன் சூழ்ச்சியை ஒவ்வொரு படியாக நமக்கு விளக்குகிறான். கைக்குட்டை எங்கே போயிற்று, காஸியோவைக் குடிக்கவைத்தது யார், ரோடெரிகோவின் பணம் எவர் பையில் சேர்கிறது என்பதெல்லாம் மேடையில் உள்ளோர் அறியுமுன் பார்வையாளருக்குத் தெரியும். நாடகம் நெடுக நாம் அமர்ந்திருப்பது இயாகோவின் மனத்துக்குள்ளேதான். ஆக, அவன் கண்ணோட்டத்தில் கதையை எழுதுவோர் அவனிடம் ஏற்கெனவே இருந்த மேடையையே மேலும் அகலமாக்குகிறார்கள்.

இரண்டாவது சிக்கல் காரணங்களைப் பற்றியது. இயாகோ தன் பகைக்குப் பல காரணங்கள் சொல்கிறான். தனக்குக் கிடைக்க வேண்டிய பதவி காஸியோவுக்குப் போய்விட்டது என்கிறான். தன் மனைவி எமிலியாவோடு ஒத்தெல்லோ தகாத உறவு கொண்டதாக ஊர் பேசுகிறது என்கிறான். அது உண்மையா என்று தனக்குத் தெரியாது என்றும், ஐயமே தனக்கு ஆதாரம் போதும் என்றும் அவனே சேர்த்துக்கொள்கிறான். பின்னர் காஸியோவின் மீதும் அதே ஐயத்தைச் சாற்றுகிறான். காரணங்கள் பெருகப் பெருக அவற்றின் மீது நமக்குள்ள நம்பிக்கை தேய்கிறது. கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜ், காரணமின்றிப் பிறந்த தீமை தனக்கொரு காரணத்தைத் தேடியலைவதையே இதில் கண்டார்.

ஷேக்ஸ்பியருக்குக் கதை கிடைத்த இடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இத்தாலியரான சிந்தியோ 1565-இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் பெயரற்ற கொடியேந்தி வீரன் ஒருவன் வருகிறான். அவனுக்கு ஒரே காரணம்தான்: மூரின் மனைவியை அவன் விரும்புகிறான், அவள் அவனைப் பொருட்படுத்தவில்லை, விருப்பம் வெறுப்பாக மாறுகிறது. எவருக்கும் விளங்கக்கூடிய இந்தக் காரணத்தை ஷேக்ஸ்பியர் கரைத்து, போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு வாக்கியமாகச் சுருக்கிவிட்டார். மக்பெத்திலும் அவர் செய்தது இதுவே. ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் மக்பெத் கொல்லும் அரசன் டங்கன் தளர்ந்த ஆட்சியாளன். கொலையில் பாங்கோவுக்கும் உடந்தை உண்டு. அரியணை ஏறிய மக்பெத் பத்தாண்டுகள் நன்றாகவே ஆண்டதாகவும் அந்நூல் கூறுகிறது. ஷேக்ஸ்பியர் டங்கனை நல்லவனாக்கினார், பாங்கோவைக் குற்றத்திலிருந்து விலக்கினார், பத்தாண்டு நல்லாட்சியை நீக்கினார். கொலைகாரனுக்கு இருந்த சாக்குகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. அவற்றுக்கு ஈடாக அவனுக்கு உறங்கவிடாத மனச்சாட்சியையும் அதைப் பேசும் மொழியையும் கொடுத்தார். தீயவனின் அகத்தை முழுமையாகத் திறந்துகாட்டவும் அவனை விடுவிக்காமல் இருக்கவும் ஒருங்கே முடியும் என்பதற்கு மக்பெத்தே சான்று.

இந்த அளவுகோலோடு மறுகூறல்களுக்குத் திரும்புவோம். காலண்டின் இயாகோ சிறுவயது முதலே உண்மையை மறைக்கத் தெரியாதவன். பூசிமெழுகிப் பேசும் வெனிஸில் அந்த நேர்மையே அவனைக் குடும்பத்துக்குச் சங்கடமாகவும் ஊருக்கு அந்நியனாகவும் ஆக்குகிறது. எமிலியாவைக் காதலித்து மணக்கிறான், ஒத்தெல்லோவின் நண்பனாகிறான், பின்னர் பதவியில் புறக்கணிக்கப்படுகிறான். நாவல் சுவையாகவே செல்கிறது. எனினும் நாடகத்தில் பிறரெல்லாம் ஏமாந்து அவனுக்குச் சூட்டிய 'நேர்மையாளன்' என்ற பட்டம் நாவலில் உண்மையாகிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் பிடுங்கிய காரணம் மீண்டும் நடப்படுகிறது. அந்நியனின் இடமும் கைமாறுகிறது. நாடகத்தில் நிறத்தாலும் பிறப்பாலும் அந்நியனாய் நின்றவன் ஒத்தெல்லோ. நாவலில் அந்த நிழலில் இயாகோ வந்து ஒதுங்கிக்கொள்கிறான். நள்ளிரவில் கூவப்பட்ட இழிமொழியை ஒரு பதவி ஏமாற்றத்தின் எதிரொலியாகக் கேட்கப் பழகிவிட்டால், அந்த இழிமொழியின் நெடிய வரலாறு கண்ணிலிருந்து மறைந்துவிடும். அந்த வரலாறு இயாகோ என்ற பெயரிலேயே இருக்கிறது என்று ஆய்வாளர் சிலர் சுட்டுவர். ஸ்பானிய மரபு தன் காவற்புனிதராகப் போற்றும் சாந்தியாகோவின் பெயர் அது; 'மூர்களைக் கொன்றவர்' என்பது அவருக்கு வழங்கிய அடைமொழி.

அப்டைக் வேறு வழியைத் தேர்ந்தார். டேனிஷ் வரலாற்றாசிரியர் சாக்ஸோவின் பழைய கதை வரை பின்னோக்கிச் சென்று, பெயர்களைக்கூட அங்கிருந்தே எடுத்துக்கொண்டு தொடங்குகிறார். அன்பற்ற மணவாழ்வில் தவித்த அரசிக்கும் அவள் கொழுந்தனுக்கும் இடையே மலரும் காதலை நுட்பமாக வரைகிறார். நாடகம் தொடங்கும் இடத்துக்கு வந்ததும், இனி எல்லாம் நலமே என்று கிளாடியஸ் மனநிறைவு கொள்வதோடு நாவல் நின்றுவிடுகிறது. பின்னால் வரவிருக்கும் பிணங்கள் நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. காலண்ட் வழக்கறிஞராக வாதிடும் இடத்தில் அப்டைக் தீர்ப்பை வாசகரின் நினைவிடம் விட்டுவிடுகிறார். அந்த அளவில் அவருடைய நாவல் மேம்பட்டது.

இந்தியச் சூழலில் விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா' (2006) திரைப்படம் கவனத்துக்குரியது. முற்றிலும் வில்லனின் பார்வையில் அமைந்த படமன்று அது. எனினும் தொடக்கத்திலேயே நம்மோடு உறவாடத் தொடங்குபவன் இயாகோவின் இடத்தில் நிற்கும் லங்டா தியாகிதான். மூரின் நிறத்தை பரத்வாஜ் சாதியாக மாற்றினார். ஓம்காராவின் தாய் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவள் என்பதால் அவன் 'அரைப் பிராமணன்' என்று ஏசப்படுகிறான். தியாகிக்குப் பதவி மறுக்கப்பட்ட வலி படத்தில் மெய்யானது. சயீஃப் அலி கான் அதை மறக்கவொண்ணாதவாறு நடித்துக்காட்டினார். ஆனால் அந்த வலி ஓம்காராவின் மீதான இழிவை மறைக்கவில்லை. இரண்டும் அருகருகே நிற்கின்றன. இறுதியில் தியாகியை அவன் மனைவி இந்துவே வெட்டிக் கொல்கிறாள். நாடகத்தில் உண்மையைச் சொன்னதற்காகக் கணவனால் குத்திக் கொல்லப்படும் எமிலியாவின் கணக்கு இங்கே தீர்க்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறான வில்லன் ஒருவனும் ஷேக்ஸ்பியரிடம் உண்டு. 1594-இல் அச்சான 'டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ்' நாடகத்தில் வரும் ஆரோன் என்ற மூர், கொலைக்கும் வன்புணர்வுக்கும் திட்டம் தீட்டுபவன். செய்த கொடுமைகளுக்காக அல்ல, தப்பித்தவறி ஏதேனும் நன்மை செய்திருந்தால் அதற்காகவே வருந்துவதாகக் கூறுபவன். அவனுக்குக் கரிய குழந்தை பிறக்கிறது. பெற்ற தாயே அதைக் கொன்றுவிடச் சொல்லி அனுப்புகிறாள். அப்போது கருமை அத்தனை இழிந்த நிறமா என்று கேட்டு, வாளை உருவிக் குழந்தையைக் காக்கிறான் அவன். பிள்ளையின் உயிருக்கு ஈடாகத் தன் குற்றங்கள் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறான். ஜூலி டேமர் 1999-இல் எடுத்த திரைப்படம் அந்தக் குழந்தையைச் சிறுவன் லூசியஸ் சுமந்து வெளியேறும் காட்சியோடு முடிகிறது. ஆரோனின் தரப்பைச் சொல்ல வேண்டிய நியாயம் உண்டு. நாடகம் அவனுடைய தீமையையும் தோல் நிறத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டது. அந்த முடிச்சை அவிழ்ப்பது மறுகூறலின் கடமை. ஆனால் அவிழ்த்த பின்னும் கொலைகள் கொலைகளாகவே எஞ்சும்.

ஆக, பிறப்பின் காரணமாக வில்லனாக்கப்பட்டவன் ஒருவன். செயலால் வில்லனானவன் இன்னொருவன். முன்னவனுக்குச் சேர வேண்டிய நீதியைப் பின்னவனுக்கு வாரி வழங்குவது நீதியின் பெயரால் நிகழும் குழப்பம். இதை இலக்கிய நுணுக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. வதந்தியைப் பரப்பி ஒரு குடியை எரித்தவனும் நாளை தன் மனக்காயத்தின் கதையோடு நம்முன் வந்து நிற்கலாம். அதைக் கேட்கும்போது எரிந்த வீட்டை மறக்காமலிருக்க நம் வாசிப்பு நம்மைப் பழக்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் தீயவனைப் பேசவே விடலாகாதா? அவ்வாறு கொள்வதற்கில்லை. மவ்லானா ஜலாலுத்தீன் ரூமியின் மஸ்னவி இரண்டாம் பாகத்தில் ஒரு கதை வருகிறது. முஆவியா (ரழி) அவர்களை இப்லீஸ் தொழுகைக்காகத் துயிலெழுப்புகிறான். தொழுகையின் பகைவன் தொழுகைக்கு எழுப்புவானேன் என்று அவர் கேட்க, அவன் நெடிய வாதம் தொடுக்கிறான். ஒருகாலத்தில் வானவர்களோடு தான் வணக்கத்தில் திளைத்ததையும், அந்த முதற்காதல் நெஞ்சைவிட்டு அகலாததையும் உருக்கமாகப் பேசுகிறான். ரூமி அந்தப் பேச்சின் அழகை எவ்விடத்தும் குறைக்கவில்லை. கேட்பவரோ தம் கேள்வியைக் கைவிடவில்லை. இறுதியில் உண்மை வெளிவருகிறது: தொழுகை தவறியிருந்தால் அவர் உள்ளத்திலிருந்து எழும் ஏக்கப் பெருமூச்சு பல தொழுகைகளை விஞ்சியிருக்கும், அதைத் தடுக்கவே அவன் எழுப்பினான். தீயவனை முழுமையாகப் பேசவிடுவதும் கேள்வியை விடாதிருப்பதும் ஒருசேர இயலும் என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியாது.

ஒத்தெல்லோவின் இறுதிக் காட்சியில் ஏன் இப்படிச் செய்தாய் என்று இயாகோவைக் கேட்கிறார்கள். இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்கிறான். நாடகம் முழுதும் பேசித் தீர்த்தவன், பதில் சொல்ல வேண்டிய கணத்தில் வாயை மூடிக்கொள்கிறான். அந்த மௌனத்தையும் அவனுடைய ஆயுதமாகவே ஷேக்ஸ்பியர் காட்டுகிறார். ஒத்தெல்லோவோ தன் கடைசிப் பேச்சில், அலெப்போவில் வெனிஸ் நாட்டானை அடித்த தலைப்பாகைத் துருக்கியனைத் தான் கொன்றதை நினைவுகூர்ந்து, அவ்வாறே தன்னையும் குத்திக்கொள்கிறான். வெனிஸின் வாளும் அது வெட்டிய துருக்கியனும் ஓருடலில் சேர்ந்து விழுகின்றனர். வஞ்சகனின் கண்ணோட்டத்தில் கதையைச் சொல்லும்போது இந்தச் சாவின் பொருள் எட்டாத தொலைவுக்குப் போய்விடுகிறது.

உண்மையில் வாயடைக்கப்பட்டோர் இந்நாடகத்தில் வேறு சிலர் உள்ளனர். டெஸ்டிமோனா தன் தாயின் பணிப்பெண் ஒருத்தியைச் சில வரிகளில் நினைவுகூர்கிறாள். அவள் பெயர் பார்பரி. வட ஆப்பிரிக்காவுக்கு ஐரோப்பியர் இட்ட பெயரும் அதுவே. மேடைக்கு வராமலே அவள் இறந்துபோகிறாள். டோனி மாரிசன், மாலி நாட்டுப் பாடகி ரோக்கியா திராவோரேயோடும் இயக்குநர் பீட்டர் செல்லர்ஸோடும் இணைந்து 2011-இல் அரங்கேற்றிய 'டெஸ்டிமோனா' என்ற படைப்பு இந்தப் பெண்ணைப் பேசவைத்தது. நீ என் தோழி என்று உரிமை கொண்டாடும் எஜமானியின் மகளிடம், நான் உன் பணிப்பெண், என் பெயர் பார்பரியுமன்று, ஸஆரன் என்று அவள் திருத்துகிறாள். மாரிசன் இயாகோவை அந்த மேடைக்கு அழைக்கவேயில்லை. அவன் பேச்சு ஓய்ந்ததும் மற்றவர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குகிறார்கள்.