துஷ்டன் இல்லாத யுத்தம்

ஹயாவோ மியாசாகி 1997-இல் இயற்றிய ‘மொனொனொகெ இளவரசி’ என்னும் சித்திரப் படத்தில் வாள்வீச்சுக்கும் அம்புமாரிக்கும் குறைவே இல்லை. ஆயினும், இவனை வதைத்துவிட்டால் உலகம் க்ஷேமமாகிவிடும் என்று சுட்டத்தக்க துஷ்டன் எவனும் அகப்படாதபடி கதையைப் பின்னியிருப்பதே அதன் தனிப்பெருமை என்பது என் அபிப்பிராயம்.

வனத்தை அழித்து இரும்பு உருக்கும் எபோஷி அம்மையாரின் துப்பாக்கிக் குண்டுதான் காட்டுப்பன்றித் தெய்வத்தை வெறிகொள்ளச் செய்து, அதன் சாபத்தை அஷிதாகா என்னும் வாலிபனின் வலக்கரத்தில் கருந்தழும்பாகப் படியவைத்தது. அவளேதான் விலைமாதர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு உலைக்கூடத்தில் கௌரவமாக வாழவைத்தவளும், குஷ்டரோகிகளின் அழுகிய தசையைத் தன் கையாலேயே கழுவிக் கட்டியவளும். அந்த ரோகிகளின் மத்தியில் அவள் நிற்கையில், அஷிதாகாவின் சபிக்கப்பட்ட கை அவன் சித்தத்தையும் மீறித் தானாகவே வாளைப் பற்றத் துடிப்பதும், மறுகையால் அதை அவன் இறுக்கி அடக்குவதும், உடல் முழுதும் துணி சுற்றிப் படுத்திருக்கும் ஒரு நோயாளி அவளுக்காக மன்றாடுவதும் எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சை உருக்கும் காட்சி.

ஓநாய்த் தாய் வளர்த்த ஸான் என்னும் பெண்ணோ, வாயில் இரத்தம் வழிய அஷிதாகாவை வெறித்து நோக்கும் முதல் சந்திப்பிலிருந்தே மனித குலத்தை மன்னிக்காதவள். அஷிதாகாவிடம் பிரியம் கொண்ட பின்னும், முடிவில் அவனைப் பிரிந்து வனத்துக்கே திரும்புகிறாள். அவ்விருவருக்கும் விவாகம் செய்வித்து மங்களம் பாடிவிடாத அந்தத் துணிவு எனக்கு மிகவும் உவப்பானது.