அமிநெட் கோப்புக் களஞ்சியம்: அடுக்கிய விதம் பற்றி ஒரு பார்வை



சென்ற ஆண்டு எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, என் படிவம் 5 மாணவி ஒருத்தி ஒரு கட்டுப் பயிற்சித் தாள்களை முடித்துக்கொண்டு வந்தாள். எல்லாமே பழைய தேர்வு வடிவம். “டீச்சர், நம்ம ட்ரைவ்ல இருந்துதான் எடுத்தேன்” என்றாள். திறந்து பார்த்தால், பல வருடங்களுக்கு முன்பு நானே போட்ட கோப்பு. பெயர் ‘தாள் 2 புதியது’. போட்ட அன்று அது புதியதுதான். பிறகு தேர்வு வடிவம் மாறியது, கோப்பின் பெயர் மாறவில்லை.

நாம் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். கோப்பைப் போட்டுட்டுப் போயிடுவோம். எடுப்பவர் பாடு, எடுப்பவருக்கு. இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது, என் அண்ணன் அந்தக் காலத்தில் பயன்படுத்திய அமிநெட் ஞாபகத்துக்கு வந்தது. மறுபடியும் போய்ப் பார்த்தேன். அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, நமக்கு அதில் எது உதவும், எது உதவாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமிகா என்பது கொமடோர் நிறுவனம் 1985இல் வெளியிட்ட கணினி. அதற்கான மென்பொருள், விளையாட்டு, இசை, படம் ஆகியவற்றைப் பயனர்களே கொண்டுவந்து சேர்க்கும் களஞ்சியமாக 1992இல் சுவிட்சர்லாந்தில் அமிநெட் தொடங்கியது. தொடங்கியவர் ஊர்பன் முல்லர். கொமடோர் 1994இல் திவாலாகிவிட்டது. களஞ்சியம் மட்டும் இன்றும் இருக்கிறது. இத்தனை வருடம் அது தாக்குப்பிடித்ததற்கு அதன் ஒழுங்கும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அந்த ஒழுங்கில் மிகச் சிறந்தது ‘ரீட்மீ’ விதி. நீங்கள் ஒரு கோப்பை அனுப்பினால், அதே பெயரில் ஒரு சிறிய எழுத்துக் கோப்பும் கூடவே போக வேண்டும். அதன் தலையில் சில வரிகள் கட்டாயமாக ஒரே மாதிரி இருக்கும். ஒரு வரியில் குறுவிளக்கம், 40 எழுத்துக்குள். ஒரு வரியில் எழுதியவர் பெயர். இன்னொரு வரியில் அனுப்பியவர் பெயர். எந்த அடைவில் வைக்க வேண்டும், எந்தப் பதிப்பு, இயங்க வேறு என்ன தேவை என்பதற்கெல்லாம் தனித்தனி வரி உண்டு.

எழுதியவரும் அனுப்பியவரும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். நம் ட்ரைவில் ஒரு தாளைப் போட்டவர் பெயர்தான் தெரிகிறது. அதைத் தயாரிக்க ராத்திரி கண் விழித்த ஆசிரியர் யார் என்று யாருக்கும் தெரியாது. தாளில் ஒரு பிழை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொரு வரி இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு என் ‘தாள் 2 புதியது’தான் கண்முன் வந்தது. அதன் பெயர் ‘ரீப்ளேசஸ்’. இந்தக் கோப்பு எந்தப் பழைய கோப்புக்குப் பதிலாக வருகிறது என்று அனுப்புபவரே எழுத வேண்டும். புதியதைக் கொண்டுவருபவருக்குத்தான் எது பழையதாகிவிட்டது என்று நன்றாகத் தெரியும். அந்த நிமிடத்தில் அவரிடம் கேட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் உட்கார்ந்து பிரித்தால் தப்பாகத்தான் போகும்.

40 எழுத்து அளவும் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘மிகச் சிறந்த பயிற்சி, அனைவரும் பயன்பெறுக’ என்று எழுதி இடத்தை வீணாக்கினால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல இடமே மிஞ்சாது. ‘படிவம் 5 கருத்துணர்தல், 10 கேள்வி, விடையுடன்’ என்பது நம் எழுத்துக் கணக்கில் தாராளமாக அடங்கிவிடும். (கணினிக்கு ‘கி’ என்பது இரண்டு எழுத்து. ஆகவே நமக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.) இந்தக் குறுவிளக்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பட்டியலாகின்றன. ஒரு கோப்புக்கு ஒரு வரி: பெயர், அடைவு, அளவு, வயது, விளக்கம். எதையும் பதிவிறக்காமலேயே, அந்தப் பட்டியலை மட்டும் மேலிருந்து கீழே படித்து வேண்டியதைக் கண்டுபிடிக்கலாம்.

இனி குறைகள்.

அடைவுகளைப் பிரித்த விதத்தில் அமிநெட் தடுமாறியிருக்கிறது. இசைக் கோப்புகளுக்கான ‘மோட்ஸ்’ அடைவைத் திறந்து பாருங்கள். ஜாஸ், ராக், பியானோ என்று சில உள்ளடைவுகள். இவை இசையின் வகை, கருவி. பக்கத்திலேயே மெட், எக்ஸ்எம் என்று சில. இவை கோப்பின் வடிவம். அதற்குப் பக்கத்தில், நிறைய அனுப்பிய சில இசைஞர்களின் பெயரிலேயே தனி அடைவுகள். மூன்று விதமான பிரிப்பு, ஒரே தட்டில்! மெட் வடிவத்தில் ஒருவர் ஜாஸ் இசை அமைத்தால் அதை எங்கே வைப்பது? ஒரு கோப்புக்கு ஓர் இடம்தான். வைப்பவர் ஒன்றை நினைத்து வைப்பார், தேடுபவர் வேறொன்றை நினைத்துத் தேடுவார்.

சிரிக்க வேண்டாம். நம் ட்ரைவில் ‘படிவம் 5’, ‘கட்டுரை’, ‘2019’, ‘பட்டறையில் கொடுத்தது’ எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. 2019இல் பட்டறையில் கொடுத்த படிவம் 5 கட்டுரைப் பயிற்சி எங்கே இருக்குன்னு சொல்லுங்கள் பார்க்கலாம்.

அடுத்தது ‘மிஸ்க்’, அதாவது ‘இதர’. அமிநெட்டில் பல பிரிவுகளுக்குள்ளும் ஒரு ‘இதர’ இருக்கிறது. எங்கே வைப்பது என்று யோசிக்கச் சோம்பல் வந்தால் எல்லாரும் போய் விழும் குழி அதுதான். ‘இதர’ பெருத்துக்கொண்டே போனால், பக்கத்தில் ஒரு புதிய அடைவு தேவைப்படுகிறது என்று அர்த்தம். யாராவது ஒருவர் அவ்வப்போது அதைக் கிளறிப் பார்க்க வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் இடத்தில் இது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

ஆக, அடைவுகளை எப்படிப் பிரிப்பது என்பதில் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கோப்போடு ஒட்டிய அந்த ஐந்தாறு வரியில்தான் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடைவு தப்பாக இருந்தாலும் வரி சரியாக இருந்தால் தேடி எடுத்துவிடலாம். வரியே இல்லாத கோப்பு எவ்வளவு அழகான அடைவில் இருந்தாலும், திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அமிநெட் வழியில் போகமாட்டேன். மென்பொருளில் புதிய பதிப்பு வந்துவிட்டால் பழையதைத் தூக்கிவிடலாம். தேர்வுத்தாள் அப்படி இல்லை. வடிவம் பழையதானாலும், அதில் உள்ள ஒரு நல்ல பத்தி இன்றைக்கும் வகுப்பில் உதவும். அதனால் என் பழைய தாளை நான் அழிக்கவில்லை. பெயரிலிருந்து ‘புதியது’ என்பதை எடுத்துவிட்டு ஆண்டைச் சேர்த்தேன். குறுவிளக்கத்தை அந்த மாணவியையே எழுதச் சொன்னேன். ‘பழைய வடிவம், கருத்துணர்தலுக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுத்தாள்.