நல்ல முதலாளி என்கிற பிரதி

‘வெள்ளக்காரன் மில்லுன்னா தேதி பிசகாம சம்பளம் வந்துரும்டா’ என்பார் என் தாத்தா. மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். துரையை அவர் பார்த்ததில்லை. அவர் வேலைக்குச் சேரும்போது ஹார்வி சகோதரர்கள் உயிரோடேயே இல்லை. அதே குழுமத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் 1908இல் வேலைநிறுத்தம் செய்து வாங்கப்பட்டவை. முன்னால் நின்றவர் வ.உ.சி. இதுவும் தாத்தாவுக்குத் தெரியும். கேட்டால் ‘அது வேற, இது வேற’ என்பார். ஒரே வாயில் இரண்டும் எப்படிக் கூடி வாழ்கின்றன என்ற கேள்விதான், தமிழ் எம்.ஏ. படித்த என்னைக் கொஞ்ச காலமாகப் பிரிட்டிஷ் முதலாளிகளின் சுயசரிதைகளை வாசிக்க வைத்திருக்கிறது.

பிரிட்டனில் வியக்கப்படும் தொழிலதிபர்கள் யாரென்று கேட்டால் சில பெயர்கள் தவறாமல் வரும்: ரிச்சர்ட் பிரான்சன், ஜேம்ஸ் டைசன், அனிதா ரோடிக், ஆலன் சுகர். வியக்கப்படுவது லாபக் கணக்கு அல்ல. அந்தக் கணக்கை ஒருவரும் படிப்பதில்லை. வியக்கப்படுவது கதை. இந்தக் கதைகளை அடுக்கிவைத்து வாசித்தால் நமக்குப் பழக்கமான ஒரு வடிவம் தட்டுப்படுகிறது: அடியார் புராணம். வறுமை அல்லது அவமானம், ஒரு சோதனை, பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சொல்லும் ஒரு பிடிவாதம், கடைசியில் ஆட்கொள்ளல். இங்கே ஆட்கொள்வது சந்தை.

டைசனை எடுத்துக்கொள்வோம். பையில்லாத தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்காக அவர் செய்து பார்த்த மாதிரிகள் 5,127. இந்த எண் இன்று மந்திரம் மாதிரி ஓதப்படுகிறது. மேலாண்மை வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவில், எங்கும். அந்த ஆண்டுகளில் வீடு எப்படி நடந்தது? கடனிலும், ஓவிய ஆசிரியையான மனைவியின் சம்பளத்திலும். டைசன் இதை மறைக்கவில்லை, சொல்கிறார். ஆனால் கதை வாய் மாறும்போது எண் மட்டும் தங்குகிறது, சம்பளம் உதிர்ந்துவிடுகிறது. எனக்கு இளையான்குடி மாறனார் ஞாபகம் வருகிறார். மழை இரவில் விருந்துக்கு வீட்டில் ஒன்றுமில்லாதபோது, பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று வழி சொன்னது மனைவி. வறுத்துக் குத்திச் சமைத்ததும் அவள். நாயனார் பட்டம் அவருக்கு.

டைசன் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. 2002இல் உற்பத்தி வில்ட்ஷரின் மாம்ஸ்பரியிலிருந்து மலேசியாவுக்குப் போனது. பிரெக்ஸிட்டை உரக்க ஆதரித்தவரின் தலைமையகம் சிங்கப்பூருக்கு மாறும் என்று 2019இல் அறிவிப்பு வந்தது. மலேசியாவில் உதிரி பாகம் செய்து கொடுத்த ஓர் ஆலையில் வேலை பார்த்த நேபாள, வங்கதேசத் தொழிலாளர்கள் கட்டாய உழைப்பு என்று குற்றஞ்சாட்டி லண்டனில் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் மறுத்தது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்றது. யார் சொன்னது சரி என்பது நீதிமன்றத்தின் பாடு. என் கவலை பிரதி பற்றியது. 5,127 என்ற எண்ணைப் போல மனப்பாடமாகும் ஓர் எண் இந்தப் பகுதிக்கு ஏன் கிடைப்பதில்லை?

பிரான்சன் வேறு ரகம். அவருக்கு வறுமை கிடையாது. தாத்தா உயர்நீதிமன்ற நீதிபதி, அப்பா வழக்கறிஞர், படித்தது ஸ்டோவ் என்ற பெரிய இடத்துப் பள்ளி. ஆகவே கதைக்கு வறுமைக்குப் பதில் கலகம் தேவைப்படுகிறது. 1971இல் இசைத்தட்டு விற்பனை வரியில் செய்த தில்லுமுல்லுக்காக டோவரில் ஒரு ராத்திரி லாக்கப்பில் இருந்ததை அவரே எழுதுகிறார். அம்மா வீட்டை ஈடு காட்டி ஜாமீன் எடுத்தார். வாசகர் இதைச் சிரித்துக்கொண்டே படித்துவிடுகிறார். ஈடு காட்ட வீடில்லாத பையன் இதே தப்பைச் செய்திருந்தால் அது சாகசக் கதையாக ஆகியிருக்குமா? ஹாக்னியின் மாநகராட்சிக் குடியிருப்பில் வளர்ந்து, பதினாறு வயதில் பள்ளியை விட்டு, வேனில் வைத்துக் கார் ஆண்டெனா விற்ற ஆலன் சுகருக்குக் கலகம் செய்ய வசதியில்லை. அவருக்குக் கிடைத்ததும் பிரியத்தைவிட பயம் கலந்த மரியாதைதான்.

1993இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவதூறு வழக்கில் பணிந்து பிரான்சனுக்குக் கொடுத்த ஐந்து லட்சம் பவுண்டை அவர் ஊழியர்களுக்குப் பங்கிட்டார். தலைக்கு 166 பவுண்டு. அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை, வாங்கியவர்களுக்கு அது நிஜப் பணம். ஆனால் 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், விமான நிறுவனத்துக்கு அரசின் கடனுதவி கேட்டு, நெக்கர் தீவை அடமானமாக வைக்கத் தயார் என்று அவர் எழுதியபோது ஊர் கொதித்தது. தீவு அவரிடம் இருப்பது நேற்றுவரை அழகாக இருந்ததே! கலகக்காரன் அரசிடம் கை நீட்டலாகாது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அதை அவர் மீறியபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

இந்த வியப்பின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. ஜார்ஜ் கேட்பரி, குவேக்கர். தொழிலாளிக்கும் தோட்டத்தோடு வீடு வேண்டும் என்று போர்ன்வில் குடியிருப்பைக் கட்டியவர். ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகையை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் பாட்டுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர். அதே காலத்தில் அவர் ஆலைக்குக் கொக்கோ வந்தது சாவோ தோமே தீவிலிருந்து, அங்கோலாவிலிருந்து பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் உழைத்த தோட்டங்களிலிருந்து. விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் ஆட்களும் இருந்தது 1901லேயே நிறுவனத்துக்குத் தெரியும். விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், வெளியுறவுத் துறையோடு பேசினார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909இல். ‘ஸ்டாண்டர்ட்’ பத்திரிகை இந்தப் பாசாங்கைச் சுட்டி எழுதியதும் கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தது. பர்மிங்ஹாம் ஜூரிகள் கொடுத்த இழப்பீடு ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி. இதைவிடக் கூர்மையான விமர்சனக் கட்டுரையை நான் படித்ததில்லை. கேட்பரி பொய்யர் அல்ல; தோட்டத்து வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அவருடைய கண்ணுக்கு எட்டிய தொழிலாளிதான் தொழிலாளி. கருணைக்கு ஒரு பார்வை எல்லை உண்டு. கச்சாப்பொருள் அந்த எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது.

அனிதா ரோடிக்கை இதற்கு மறுப்பாகக் காட்டலாம். 1976இல் பிரைட்டனில் பாடி ஷாப்பின் முதல் கடை. சுவரின் ஈரக் கறையை மறைக்கப் பச்சை வண்ணம், பாட்டில் போதாததால் மறுபடி நிரப்பித் தரும் வழக்கம். இல்லாமையே கொள்கையானது என்று அவரே சிரிப்போடு சொல்லியிருக்கிறார். எல்லைக்கு அப்பால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் செய்த புதுசு. பார்த்த இடங்களில் ஒன்று நம்ம திருமங்கலம். அங்கேயுள்ள டெடி எக்ஸ்போர்ட்ஸிலிருந்து கால் பிடித்துவிடும் மர உருளைகளும் துணிப்பைகளும் அந்தக் கடைகளுக்குப் போயின. இங்கே தொழிலாளி மறைக்கப்படவில்லை. அவர் கதை பொருளோடு சேர்த்தே சொல்லப்பட்டது. எனக்கு உறுத்துவது அதுதான்: உருளை கடைந்தவர் முதலாளியின் நல்ல மனசுக்குச் சாட்சியாக வருகிறார், தன் கதையைத் தானே சொல்பவராக அல்ல.

ரோடிக் 2006இல் நிறுவனத்தை லொரேயாலுக்கு 652 மில்லியன் பவுண்டுக்குக் கொடுத்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அதன்பின் கை மாறி மாறி, 2024 பிப்ரவரியில் பிரிட்டன் கிளை திவால் நடவடிக்கைக்குள் போனது. அப்போது வந்த கட்டுரைகளில் அனிதா இருந்தால் என்ன பாடுபட்டிருப்பார் என்ற விசனம் நிறைய. உருளை கடைந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது குறைவு. ‘இதெல்லாம் படிச்சவன் பேசுற பேச்சு. அந்த வேலையில ஒரு குடும்பம் பிழைச்சிருக்கு, பள்ளிக்கூடம் நடக்குது, அதை என்ன பண்றே?’ என்று கேட்டார் இதை வாசித்துப் பார்த்த நண்பர் ஒருவர். பள்ளிக்கூடம் நிஜம். தேதி பிசகாத சம்பளமும் நிஜம்தான்.