உப்பு ஆண், முத்து பெண்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியதும் திகைக்க வைப்பது பால் பாகுபாடு. அங்கே அஃறிணை இல்லை. எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண் அல்லது பெண். தூத்துக்குடிக் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள்: உப்பு 'லெ செல்', துறைமுகம் 'லெ போர்', இரண்டும் ஆண். முத்து 'லா பெர்ல்', கடல் 'லா மேர்', இரண்டும் பெண். கடலைத் தாயாகக் கும்பிடுகிற ஊரில் கடைசிச் சொல் மட்டும் சட்டென்று மனத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை மனப்பாடம்தான்.

இதே முத்துக்குளித்துறையில் போர்ச்சுக்கீசியரான அன்றிக் அடிகளார் எதிர்த்திசையில் நடந்தார். பரதவரின் பேச்சைக் காதில் வாங்கி, லத்தீன் இலக்கணத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1549 வாக்கில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் அவரது 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது.

புது மொழிக்குள் இறங்குகிறவர் முதலில் பற்றுவது தெரிந்த மொழியின் கையைத்தான். அதில் வெட்கமில்லை.