முள்ளும் பட்டையும்: அனிசினாபே மக்களின் பேழைக்கலை

கலைப்பொருளை மதிப்பிடுவோர் இருவேறு வினாக்களை ஒன்றாக மயங்கக் கொள்வதுண்டு. அப்பொருள் எவர்பொருட்டுச் செய்யப்பட்டது என்பது ஒன்று. எத்துணைச் செம்மையாகச் செய்யப்பட்டது என்பது மற்றொன்று. வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் அனிசினாபே மக்களின் முள்வேலைப் பேழைகள் இம்மயக்கத்தால் உரிய மதிப்பை இழந்தவை. பயணிகளுக்கு விற்றற்கெனச் செய்யப்பட்டமையின், இவை மரபின் தேய்வே என்பாருளர். அக்கூற்றுப் பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

அனிசினாபே என்பது ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி முதலிய இனத்தார் தம்மைச் சுட்டும் பொதுப்பெயர். அவர்தம் வாழ்வில் வெண்பூர்ச்ச மரத்தின் பட்டை பெற்ற இடம் பெரிது. ஓடமும், குடிலின் கூரையும், உணவு சேமிக்கும் கலமும், சமயக் குறிகள் கீறிய சுருளும் அதனால் ஆயின. முள்ளம்பன்றி முள்ளாற் தோற்பொருள்களை அணிசெய்தலும் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட கலையே. பின்னர் ஐரோப்பியக் கண்ணாடி மணிகள் தோலாடையில் முள்ளின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. ஆயின் 19 ஆம் நூற்றாண்டிற் பட்டைப் பேழைகளில் முள்வேலை தழைத்தது. அதற்கு ஊற்றாயிருந்தது பயணிகளின் சந்தையே. தேய்வுக்குக் காரணமெனப் பழிக்கப்படுவதே கலையைக் காத்தது என்பது கருதத்தக்கது.

இனிச் செய்முறையை நோக்குவோம். கோடையின் தொடக்கத்திற் பட்டை மரத்தினின்றும் எளிதிற் கழன்று வரும். ஒரு முள்ளம்பன்றியின் உடலில் ஏறக்குறைய 30,000 முட்கள் உள. அவற்றைப் பருமன் நோக்கித் தெரிந்து கழுவி, வேண்டியவற்றிற்குச் சாயமேற்றி, நீரில் ஊறவைத்து மென்மையாக்குவர். குத்தூசியாற் பட்டையிற் துளையிட்டு, முள்ளின் இருமுனைகளையும் செலுத்தி உட்புறத்தே மடிப்பர். முள்ளைப் பிணிக்க நூலுமில்லை, பசையுமில்லை. துளையே அதனை இறுகப் பற்றும். மடித்த முனைகள் தோன்றாவண்ணம் வேறொரு பட்டையை உள்ளுறையாக இட்டு, விளிம்பில் நறும்புல்லை வைத்துத் தைப்பர். மூடியைத் திறப்பார்க்கு அப்புல்லின் மணம் முதலில் எதிர்ப்படும்.

இக்கலையின் அழகு இக்கட்டுப்பாட்டிலேயே பிறக்கின்றது. துணியிற் தவறிய தையலைப் பிரித்து மீளத் தைக்கலாம். பட்டையிற் தவறிய துளை துளையாகவே நிற்கும். முள்ளோ குறுகியது, ஆதலின் பூவிதழின் வளைவையும் விலங்கின் உடலையும் சிறுசிறு கோடுகளாற் கூட்டியே அமைத்தல் வேண்டும். சாயமேறாத முள்ளின் வெண்மையும் அதன் முனையின் கருமையும் பட்டையின் மண்ணிறமும் தம்முள் இயைந்த பேழைகளே என் கருத்திற் தலைசிறந்தன. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செயற்கைச் சாயங்கள் வந்தபின், பட்டை முழுவதையும் மறைத்து, தீட்டிய ஓவியத்தோடு போட்டியிடும் பேழைகளும் தோன்றின. அவற்றுட் சில கைத்திறனை வியக்கச் செய்யினும் மனத்தில் நில்லா. ஆயின் அக்குற்றம் வரைவின் குற்றமேயன்றி வாங்குவோனாற் புகுந்ததன்று. அதே சந்தைக்கெனச் செய்த பேழைகளுட் குற்றமற்றனவும் பலவுள.

நம் இலங்கையிலும் 19 ஆம் நூற்றாண்டில் முள்ளம்பன்றி முள்ளாலான பேழைகள் ஐரோப்பியர்க்கென ஆயின. நம்மவர் தடித்த முட்களை வளையாது, கருங்காலிச் சட்டத்துள் நிரையாக அடுக்கினர். அங்கு முள் தையலாயிற்று. இங்கு முள் சுவராயிற்று. முள்ளின் இயல்பே வடிவை வகுத்தது, வாங்கியோர் வகுத்திலர்.

நூதனசாலைகளிற் பழைய பேழைகள் பலவற்றின் கீழ் இனத்தின் பெயரும் ஈட்டியவர் பெயரும் காணப்படும். செய்த பெண்ணின் பெயர் காணப்படாது. விற்பனைப் பொருளென்ற எண்ணமே இப்புறக்கணிப்பிற்கு இடந்தந்தது. மிச்சிகன் மாநிலத்து ஒடாவாக் கலைஞர் இவோன் வோக்கர் கெசிக், 2014 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது பெற்றமை அக்குறையை ஒருசிறிது தீர்த்தது. செய்தவள் பெயரறிந்து, செய்த முறையறிந்து, அதன்பின் நிறையும் குறையும் கூறுதலே நடுநிலைத் திறனாய்வாம்.