பாண்டியன் இழந்ததும் மீட்டதும்

நாடாள்வோர்க்குப் படையும் பொருளும் அரணும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது குடிமக்கள் அவர்மேல் வைக்கும் நம்பிக்கை. படை சிதைந்தால் மீண்டும் திரட்டலாம். கருவூலம் வறண்டால் மீண்டும் நிரப்பலாம். நம்பிக்கை ஒருமுறை குலைந்தபின் அதனை மீட்க வழி உண்டா? உண்டெனில் அவ்வழி யாது? இவ்வினாவைத் தமிழில் மிக ஆழமாக எழுப்பிய நூல் சிலப்பதிகாரம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892-இல் இந்நூலை உரையுடன் பதிப்பித்த நாள்தொட்டு அறிஞர் பலர் இதனை ஆராய்ந்துள்ளனர். பாண்டியன் நெடுஞ்செழியன் குற்றவாளியா அல்லனா என்று பட்டிமன்றங்களில் இன்றும் வழக்காடுகிறோம். அவன் இழந்தது யாது, மீட்டது யாது என்று கேட்பின் நூலின் உள்ளம் இன்னும் தெளிவாகப் புலப்படும்.

இழந்த இடம்

16-ஆவதாகிய கொலைக்களக் காதையில், ஆடல் மகளிர்பால் மன்னன் உள்ளம் சென்றதென ஊடிய கோப்பெருந்தேவி தலைநோவென்று சொல்லி அகல்கிறாள். அவ்வூடலைத் தணிக்க விரையும் மன்னனை வழியில் வணங்கிப் பொற்கொல்லன் தன் பொய்யைச் சொல்கிறான். மன்னன் காவலரை அழைத்து, சிலம்பு அக்கள்வன் கையில் இருப்பின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு ஏவுகிறான். 'கொல்லக் கொணர்க' என எண்ணியவன் வாய் தவறிக் 'கொன்று கொணர்க' என்றுவிட்டான் எனச் சொல்லி அவனைக் காக்க முயல்வாருண்டு. இவ்வாதம் அவனுக்கு உதவாது. 'கொல்லக் கொணர்க' என்றாலும் தீர்ப்பு முன்னே நிற்கிறது; விசாரணை எங்கும் இல்லை. அடிகளும் அவன் ஆராயவில்லை என்பதை வெளிப்படையாகவே கூறுகின்றார். ஊழ்வினை முதிர்ந்ததென்று அவர் கூறுவது காரணத்தைக் காட்டுமேயன்றி மன்னனின் பொறுப்பைக் குறைக்காது.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. கொல்லச் சென்ற காவலர் கோவலனைக் கண்டு, இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்று என ஐயுறுகின்றனர். அந்த ஐயத்தை மன்னனிடம் மீளக் கொண்டு செல்ல அவனது ஆணை இடம் வைக்கவில்லை. எனவே கள்வர் இயல்பைப் பற்றிப் பொற்கொல்லன் நெடிது பேச, கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான். தலைவன் அவசரப்படும்போது, கீழுள்ளோரின் நல்லறிவும் பயனற்றுப் போகிறது. நெடுஞ்செழியன் செங்கோல் வளைந்த இடம் இதுவே.

மீட்கத் தொடங்கிய இடம்

20-ஆவதாகிய வழக்குரை காதையில் மன்னன் வேறொருவனாகத் தோன்றுகிறான். அச்சந்தரும் கோலத்தில் ஒருத்தி வாயிலில் நிற்கிறாள் என்று காவலன் அறிவித்ததும், அவளை உள்ளே வரவிடுமாறு பணிக்கிறான். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்று முதலில் வாதிடுகிறான். ஆனால் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி உரைத்தவுடன், அவள் சொல் நன்றெனப் பாராட்டித் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று தானே வெளியிடுகிறான். சிலம்பு உடைபடுமுன் வந்த சொல் இது. தனக்கு எதிரான சான்றைத் தன் வாயாலேயே முன்வைத்த மன்னன் அவன். மறைக்க எண்ணியிருந்தால் வாய் மூடியிருக்கலாம். சிலம்பைக் கொணர மறுத்திருக்கலாம். இரண்டும் அவன் செய்தானில்லை.

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபின் அவன் கூறும் சொற்களில் பொற்கொல்லனும் இடம் பெறுகிறான். ஆயினும் பழியை அவன்மேல் ஏற்றும் நோக்கம் அங்கு இல்லை. அத்தகையோன் சொல்லைக் கேட்டதே தன் குற்றம் என்பதே மன்னன் கருத்து. ஏமாற்றப்பட்டேன் என்பவன் தன்னைக் காத்துக்கொள்கிறான்; ஏமாறினேன், எனவே நானே கள்வன் என்பவன் அறத்தைக் காக்கிறான். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவுதான் தலைமையின் அளவுகோல்.

இரு வேறு ஒப்புமைகள்

மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் வார்த்திகன் என்னும் அந்தணன் வரலாற்றைக் கூறுகிறது. அவன் வீட்டில் திடீரெனப் பொருள் பெருகியது கண்டு அரசின் ஏவலர் அவனைக் கள்வனெனச் சிறையிட, அவன் மனைவி கார்த்திகை கதறுகிறாள். ஐயையின் கோயிற்கதவம் திறவாதாயிற்று. பாண்டியன் காரணத்தை ஆராய்ந்து, அவனை விடுவித்து, தன் முறை பிழைத்ததைப் பொறுக்குமாறு வேண்டி, ஊர்களை வழங்கி, நிலத்தில் வீழ்ந்து வணங்குகிறான். அதனோடு நில்லாது சிறைக்கோட்டங்களையும் திறக்கச் செய்கிறான். ஒருவனுக்கு இழைத்த தீங்கைக் கண்டவன், அதுபோன்ற தீங்கு பிறர்க்கும் நேர்ந்திருக்குமே என்று எண்ணினான். உயிர் இருக்கும்போது செய்யத்தக்க கழுவாய் இது. கோவலன் உயிர் போய்விட்டமையால் அவ்வழி நெடுஞ்செழியனுக்கு அடைபட்டது. தன் உயிரன்றிக் கொடுக்க அவனிடம் வேறொன்றும் இல்லை.

மற்றையது வெற்றிவேற் செழியன் செயல். மழை வறந்து நோய் பரவிய பாண்டிநாட்டில், கொற்கையிலிருந்த அவன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான். மழை பெய்தது என்கிறது உரைபெறு கட்டுரை. இதனைப் பலர் வியந்து கூறுவர். நமக்கு அவ்வியப்பு எழவில்லை. பொய் சொன்னவன் ஒருவன்; மாண்டவர் ஆயிரவர். ஆராயாது கொன்ற குற்றத்திற்கு ஆராயாது கொல்லுதலே கழுவாயாகுமா? இழந்த நம்பிக்கையை மீட்பதாக எண்ணிப் பிறர் குருதியைச் சிந்தும் ஆட்சி, பழைய பிழையையே ஆயிர மடங்காகப் பெருக்குகிறது. நெடுஞ்செழியன் தன்மேல் ஏற்ற பழியைச் செழியன் ஒரு தொழிலோர் கூட்டத்தின்மேல் இறக்கி வைத்தான் என்பதே உண்மை.

மீட்டது யார் கையில்?

நெடுஞ்செழியன் இறந்த பின்னும் மதுரை எரிந்தது. தலைவன் பிழையை ஒப்புக்கொண்டவுடன் விளைவுகள் நின்றுவிடா என்பதை அடிகள் மறைக்கவில்லை. அங்ஙனமாயின் அவன் மீட்டதுதான் யாது?

விடை வஞ்சிக் காண்டத்தில் உள்ளது. காட்சிக் காதையில் சாத்தனார் வாயிலாகச் செய்தி கேட்ட செங்குட்டுவன், வினையால் வளைந்த கோலை மன்னவன் போன உயிர் நிமிர்த்தியது என்று மதிக்கிறான். அரச குடியிற் பிறத்தலே துன்பம் என்றும் இரங்குகிறான். இது மற்றொரு வேந்தன் தந்த சான்று. இதனினும் பெரிய சான்று 29-ஆவதாகிய வாழ்த்துக் காதையில் வருகிறது. அங்குக் கண்ணகியே தோன்றி, பாண்டியன் தீதற்றவன் என்றும் தான் அவன் மகள் என்றும் உரைக்கிறாள். ஊரை எரித்த சினத்தவள், தன் கணவனைக் கொல்வித்தவனைத் தந்தை என்கிறாள்.

இழந்த நம்பிக்கையைத் தலைவன் தானே எடுத்துக்கொள்ள இயலாது. புகழ்வோரும் ஏவலரும் அதனைத் தர இயலாது. தீங்குற்றவர் மனமுவந்து தரும்போதே அது மீள்கிறது. அதனைப் பெறுதற்கு வாயிலைத் திறந்து வைத்தல், தனக்கெதிரான சான்றையும் முன்வைத்தல், பழியைக் கீழுள்ளோர்மேல் தள்ளாமை ஆகிய மூன்றையும் நெடுஞ்செழியன் செய்தான். பேரவைக்கும் சிற்றூர் மன்றத்திற்கும், ஒரு சங்கத்தின் செயற்குழுவிற்கும் இம்மூன்றும் பொருந்தும். ஆனால் இவற்றைக் கோவலன் கொலைப்படுமுன் செய்திருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரும் பிழைத்திருக்கும். தலைமையேற்பார் சிலம்பிலிருந்து முதற்கண் கற்க வேண்டுவது இதுவே.